கூப்பிட்டால் திரும்பாதவர்கள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் விடுதி அறைக்கு வந்தபோது, "காதைப் பத்தி எழுதறேன்" என்றேன். "காதலா? தாராளமா எழுதுப்பா, எல்லாரும் படிப்பாங்க" என்றார். "காதல் இல்லண்ணே... காது, காது!" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் கொஞ்சம் வாடியது. இருந்தாலும் பக்கம் ஒதுக்கித் தந்த அவருக்கு முதலில் நன்றி. பக்கத்து அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். ஆனாலும் ஒரு சந்தேகம், அவருக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது!

என் ஊர் பாச்சலூர். பழனி மலைத்தொடரில் கொடைக்கானலுக்குக் கீழ்ப்பக்கம். ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறினால் வடகாடு தாண்டி வளைந்து வளைந்து மேலே வர வேண்டும். காபி, மிளகு, மலைவாழை, சவ்சவ்... இவைதான் எங்கள் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்தில் கூலி வேலை. எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி மேலே படிக்க வந்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த ஆள் வீட்டில் ஒருத்தரும் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

மலை பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். பாதி மலை ஏறியதும் காது அடைத்துக்கொள்ளும். கண்டக்டர் கேட்பது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துவிடும். தொண்டையிலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. விழுங்கும்போது அது திறந்து, செவிப்பறைச் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக்குகிறது. அழுத்தம் சமமாக இருந்தால்தான் சவ்வு ஒழுங்காக அதிரும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் நீளம் குறைவாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கிறது. சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் கோக்கும். கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். கடைசியில் சவ்வில் ஓட்டை விழும். இதைத்தான் நம் ஊரில் 'காதுல சீழ் வடியுது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

பஸ்ஸில் நமக்கு அஞ்சு நிமிஷம் அடைக்கிறது. என் தங்கைக்கு அது மூன்று வருடம் அடைத்திருந்தது. எங்களுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்தே காதில் சீழ் வரும், நிற்கும், மறுபடி வரும். அப்பத்தா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் ஊற்றும். கோழி இறகால் துடைத்துவிடும். பாசத்தோடுதான் செய்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சவ்வில் ஓட்டை இருக்கிற காதில் எண்ணெய் விட்டால் அது நேராக நடுக்காதுக்குப் போய் அழுக்கை வளர்க்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். சளிக்காலத்தில் வருவது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். எங்கள் தெருவில் காது வடியாத பிள்ளை எது? அதனால் அது நோய் என்றே தோன்றவில்லை.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டி.வி. பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்காருவாள். சொல்வதை எழுதச் சொன்னால் 'தட்டு' என்றதற்குப் 'பட்டு' என்று எழுதி வைத்திருப்பாள். 'மக்கு' என்று பேர் வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, "ஏய், பாலை இறக்கு" என்று வாசலிலிருந்து மூன்று தடவை கத்தினேன். முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். போய் முதுகில் ஒன்று வைத்தேன். திரும்பிப் பார்த்த முகத்தில் கோபமோ திமிரோ இல்லை, திகைப்புத்தான் இருந்தது. எதற்கு அடி விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்போது எனக்கு அது புரியவும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அப்போது அவள் நாலாம் வகுப்பு. டீச்சர், பிள்ளைகள் எல்லோர் முகத்திலும் மாஸ்க். இதற்கு முன்பு ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தவள் ஒரே வாரத்தில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழ ஆரம்பித்தாள். நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். அத்தனை நாளும் அவள் பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் 'கேட்டுக்'கொண்டிருந்திருக்கிறாள்! யாரும் சொல்லித் தரவில்லை, தானாகக் கற்றுக்கொண்டது. மாஸ்க் உதட்டை மறைத்ததும் பாதி உலகம் ஊமையாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியைத்தான் நான் மக்கு என்று கூப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் காட்டுமாடு தோட்டத்துக்குள் வரும். ஒரு காலையில் காபிச் செடிகளுக்கு நடுவே பாதையை ஒட்டி ஒன்று நிற்கிறது. இவள் பையை மாட்டிக்கொண்டு அதை நோக்கி நடக்கிறாள். நாலு பேர் கத்துகிறோம். அவள் நிற்கவில்லை. அப்பா செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி அப்பா அம்மாவிடம், "பிள்ளைக்குக் காது கேக்கல போலருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அப்புறம் பள்ளிக்கு வேனில் வந்த மருத்துவக் குழு டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு காதிலும் சவ்வில் ஓட்டை என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. 2013-ல் ஆரம்பித்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்த வேன்கள் வருகின்றன. பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு தடவையும் அங்கன்வாடிக்கு இரண்டு தடவையும் வர வேண்டும் என்பது கணக்கு. வேன் வருகிற அன்றைக்குப் பிள்ளை லீவு போட்டால் அடுத்த வருடம்தான். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேன் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில், சத்தமே புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிசான சத்தங்களைப் போட்டு, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதில் 40 டெசிபல், இடது காதில் 45 டெசிபல் குறை என்று வந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான். அதில் 45 போய்விட்டால் மிச்சம் என்ன? வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு வந்து சேரும்போது பேச்சில் மிஞ்சுவது ஒரு முணுமுணுப்பு. பிறகு காதுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய தோலை எடுத்துச் சவ்வில் ஒட்டு வைத்தார்கள். வலது காது முடிந்தது, நன்றாகக் கேட்கிறது. இடது காது பாக்கி. இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் ஊருக்குப் போனால், "அண்ணே, ஏன் இப்படிக் கத்துற?" என்கிறாள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் இந்த மலரில் இடத்தை அடைத்திருக்க மாட்டேன். எத்தனை பேருக்கு இப்படி என்று தேடிப் பார்த்தபோதுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 6 முதல் 10 வயது வரையுள்ள 284 பிள்ளைகளின் காதைச் சோதித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்குச் சுமார் 12 பேருக்குக் காது மந்தம். 100-க்கு 17 பேருக்கு மேல் நடுக்காது நோய். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கிட்டத்தட்ட அஞ்சு பேர்! அந்த அஞ்சு பேரில் எத்தனை பேர் 'கவனிக்க மாட்டான்', 'பேச்சுக் கேக்க மாட்டா' என்று முட்டி போட்டிருப்பார்கள்? 'பேச்சுக் கேக்காதவன்' என்ற வார்த்தையையே பாருங்கள்... கீழ்ப்படியாதவன் என்று அர்த்தம் வைத்திருக்கிறோம். நேரடி அர்த்தம் யாருக்கும் தோன்றுவதில்லை.

பணக்கார நாட்டில் இது இருக்காது என்று நினைத்தேன். அமெரிக்காவில் அரசாங்கமே அவ்வப்போது மெஷின் வைத்து நம் வயசுப் பிள்ளைகளின் காதை அளக்கிறது. 1988-94-ல் அளந்தபோது 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்குக் கொஞ்சமாவது குறை இருந்தது. 2005-06-ல் அது 19½ ஆனது. 2010-ல் இந்தக் கணக்கு வெளிவந்தபோது எல்லோரும் இயர்போனைத் திட்டினார்கள். ஆனால் 2009-10-ல் அளந்ததைப் பார்த்தால் திரும்பவும் 15 அளவுக்கே இறங்கியிருக்கிறது. அதனால் 'இயர்போனால் ஒரு தலைமுறையே செவிடாகிவிட்டது' என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. அதே சமயம் ஆறேழு பேரில் ஒருத்தருக்கு ஏதோ ஒரு அளவில் குறை என்பது எந்தக் கணக்கிலும் மாறவில்லை. அவர்கள் எண்ணியதில் பெரும்பாலும் லேசான குறைதான், முழுச் செவிடு அல்ல. லேசான குறைதான் வெளியே தெரியாது என்பதும் உண்மை.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் காது கேளாதவர்கள் உலகில் 43 கோடிப் பேர், அதில் 3.4 கோடி குழந்தைகள் என்று சொல்கிறது. குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் 100-க்கு 60 தடுக்கக்கூடியது என்றும் சொல்கிறது. அந்த 60-ல் ஒன்றுதான் என் தங்கை.

நம் நாட்டுக் கணக்குத்தான் எனக்கு விளங்கவே இல்லை. இந்தியாவில் 6.3 கோடிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க காதுக் குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காது கேளாத மாற்றுத்திறனாளிகள் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 50 லட்சம். மீதிப் பேர் எங்கே போனார்கள்? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு காதிலும் 70 டெசிபல் குறை இருந்தால் 'காது கேளாதவர்'. 60 முதல் 70 வரை இருந்தால் 'காது மந்தமானவர்'. அதற்குக் கீழே இருப்பவருக்குச் சட்டத்தில் பேரே இல்லை! சலுகைக்கு எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அது எனக்கும் புரிகிறது. என் தங்கைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் 40, 45 உள்ள பிள்ளை கேட்கிறவர் பட்டியலிலும் இல்லை, கேளாதவர் பட்டியலிலும் இல்லை. கடைசி பெஞ்சில்தான் இருக்கிறது.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகள் இப்படிப் பிறப்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. நம் பக்கம் இதில் சொந்தத்தில் கல்யாணம் செய்வதும் சேர்ந்துகொள்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100-க்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தியாவிலேயே நாம்தான் முன்னணி. காதுக்கான ஒரு மரபணுவில் பழுது இருந்தால், தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அந்தப் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்குக் கேட்காமல் போகும். வெளியில் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் குறைவு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் இரண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தானே! என் அப்பா அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். எனக்கும் ஒரு மாமன் மகள் இருக்கிறாள், இப்போதே பேச்சு நடக்கிறது. இந்தக் கட்டுரையை வீட்டில் யாராவது படித்துக் காட்டினால் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது! இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்ற அம்மை வந்தாலும் குழந்தையின் காது போய்விடும், கண்ணும் இதயமும்கூடப் பாதிக்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்த முதல் சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது நாலாம் வகுப்பு. ஊசி போட்டால் அப்படி ஆகும் இப்படி ஆகும் என்று செல்போனில் வதந்தி பரவி, பல பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வாட்ஸ்அப் இல்லாததால் வதந்தி வரவில்லை, ஊசி போட்டுக்கொண்டேன். படிக்காத வீடு என்பதும் ஒரு தடவை உதவியிருக்கிறது!

சுத்தமாகக் கேட்காத குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும் செலவு. ஆனால் 6 வயதுக்குள் இருக்க வேண்டும். அது அதிகாரி போட்ட விதி மட்டும் இல்லை. சத்தத்தைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழகுவது முதல் சில வருடங்களில்தான். பொருத்தியதோடு வேலை முடிவதும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். பாச்சலூரிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் மலையிறங்கினால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. ஆப்பரேஷன் இலவசம்தான், ஆனால் இந்தக் கூலியை யார் தருவது? இதைத் திட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சரி, இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நாமெல்லாம் குழந்தைகள் இல்லை. நமக்கு வரும் ஆபத்து வேறு.

தங்கைக்கு டெஸ்ட் எடுத்த அன்றைக்கு, அந்த அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் உக்காரு, சும்மா பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். எல்லாச் சத்தமும் கேட்டது. 4000 ஹெர்ட்ஸ் வந்தபோது மட்டும் அவர் திருகிக்கொண்டே போகிறார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடது காதில் அந்த இடத்தில் மட்டும் 35 டெசிபல் பள்ளம். காகிதத்தைக் காட்டி, "எங்கயாவது சத்தத்துல வேலை பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன். பதின்மூன்று வயதிலிருந்து திருவிழா சீசனில் மைக் செட்காரர் ஒருவரிடம் எடுபிடியாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒயர் இழுப்பது, பெட்டி தூக்குவது, ராத்திரி காவலுக்குப் பெட்டி பக்கத்திலேயே படுப்பது. நோட்டுப் புத்தகச் செலவுக்கு அந்தக் காசுதான். திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தால் இரண்டு நாளைக்குக் காதுக்குள் 'ங்ங்ங்...' என்று ரீங்காரம் இருக்கும். அப்புறம் போய்விடும். போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உள்காதில் மயிர் மாதிரி முளை உள்ள செல்கள் சுமார் பதினைந்தாயிரம்தான் இருக்கின்றன. பிறக்கும்போது கொண்டுவந்தது அவ்வளவுதான், செத்தால் மறுபடி முளைக்காது. ரீங்காரம் நிற்பது அவை பிழைத்துவிட்டன என்பதற்கு அத்தாட்சி இல்லை. இரைச்சலால் வரும் பழுது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் தெரியுமாம். அங்கே பள்ளம் விழுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. வருடம் போகப் போக அது பக்கத்துக்குப் பரவி, ஒரு நாள் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது குழப்பமாகக் கேட்கும்.

டெசிபல் கணக்கு நமக்குப் புரியாததில்லை, மடக்கைக் கணக்குத்தான். 3 டெசிபல் ஏறினால் சக்தி இரண்டு மடங்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்று வைத்தால் 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரு மணி, 97-ல் அரை மணி, 100-ல் கால் மணி. போன வருடம் நம் ஆண்டு விழாவில் டி.ஜே. ஆட்டம் நடந்தபோது செல்போனில் அளக்கும் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் 103 காட்டியது. செல்போன் அளவு துல்லியம் இல்லை, அஞ்சைக் கழித்துக்கொள்ளுங்கள். 98-க்கு அரை மணிகூடக் கிடையாது. நாம் ஆடியது மூன்று மணி நேரம். ஆடாமல் நின்ற நானும் கூடவேதான் இருந்தேன், அதனால் யாரையும் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த மலரின் பின்னட்டையில் சவுண்ட் சர்வீஸ் விளம்பரம் இருந்தால் அவர்கள் மன்னிக்கவும், நானும் அந்தத் தொழிலில் சோறு தின்றவன்தான்.

வொர்க் ஷாப்புக்கு வாருங்கள். கிரைண்டிங்குக்குக் கண்ணாடி போடாமல் நின்றால் இன்ஸ்ட்ரக்டர் சார் விரட்டுவார். சரிதான், கண் போனால் வராது. ஷீட் மெட்டலில் முப்பது பேர் ஒரே நேரத்தில் சுத்தியலால் தட்டுகிறோமே, காதுக்கு என்ன போடுகிறோம்? பஞ்சுகூடக் கிடையாது (பஞ்சு வைத்தால் பெரிதாகப் பயனும் இல்லை, ரப்பர் அல்லது ஃபோம் அடைப்பான்தான் வேண்டும், விலை ஒரு டீ வடை அளவு). டிப்ளமோ முடித்துவிட்டு நம்மில் பாதிப் பேர் போகப்போவது மெஷின் ஓடும் இடத்துக்குத்தான். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பு மில்லுக்குப் போன எங்கள் பெரியம்மா மகள் லீவில் வந்தால் வீடே அதிரும்படிப் பேசும். சத்தத்துக்குள் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது என்று சிரிப்போம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தார்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமையும் இடம் பெற்றது. பட்டியலில் இருந்து என்ன பயன்? வேலைக்குச் சேரும் அன்றைக்குக் காது எப்படி இருந்தது என்ற காகிதம் கையில் இல்லாதவன், பத்து வருடம் கழித்து 'உன் வேலையால்தான் போச்சு' என்று எதைக் காட்டிக் கேட்பான்?

இதனால்தான் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். வருடா வருடம் ரத்ததான முகாம் நடத்துகிறோம், கண் பரிசோதனை முகாமும் நடத்தியிருக்கிறோம். மார்ச் 3-ம் தேதி உலகச் செவித்திறன் நாள். அன்றைக்கு ஒரு காது பரிசோதனை முகாம் வையுங்கள். அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டால் கருவியோடு ஆள் வர வாய்ப்பு இருக்கிறது. சத்தம் இல்லாத ஒரு அறை மட்டும் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். லைப்ரரிக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூம் சரியாக இருக்கும் என்பது என் யோசனை. ஒவ்வொருத்தருக்கும் வரும் காகிதத்தை மார்க் ஷீட்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷீட் மெட்டலுக்கும் கிரைண்டிங்குக்கும் காது அடைப்பான் வாங்க முதல்வரிடம் மனு கொடுங்கள். டி.ஜே. வேண்டாம் என்று சொன்னால் என்னை விடுதியில் இருக்க விட மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, முதல் அஞ்சு வரிசையை எடுத்துவிட்டு, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, நடுநடுவே இடைவேளை விட்டால் போதும். பெட்டியை எங்கே வைப்பது, எவ்வளவு திருகுவது என்பது எனக்கு அனுபவம் உண்டு, நானே செய்து தருகிறேன்.

சில பேர், "எடிசனுக்குச் சின்ன வயசிலேயே காது மந்தம், அவர் கண்டுபிடிக்கலையா?" என்பார்கள். கண்டுபிடித்தார். அவருக்குச் சொந்தமாக ஆய்வுக்கூடம் இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சார் சொல்லும் நோட்ஸை எழுதி, செமஸ்டர் எழுதி, இன்டர்வியூவில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னால்தான் வேலை என்ற நிலைமை அவருக்கு இல்லை. நம் வகுப்பில் ஒருத்தன் எதைக் கேட்டாலும் 'ஆங்?' என்பான், நாம் அவனுக்கு அதையே பேராக வைத்திருக்கிறோம். அவன் யார் என்று எழுத மாட்டேன். முகாமுக்கு அவனைத் தனியாகக் கூப்பிட வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்து வரட்டும்.

முகாமுக்குப் பெயர் கொடுக்க நோட்டு ஒன்று போட்டு சங்க அறையில் வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவதாகச் செயலாளர் பெயரை அவரைக் கேட்காமலே எழுதிவிட்டேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு